காய்ச்சல் இறங்கும் நாள்

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் மணிக்கொரு தரம் அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். சூடு குறையவில்லை என்றால் கவலை, குறைந்துவிட்டால் நிம்மதி. "வேர்த்து விட்டது, இனிப் பயமில்லை" என்று பாட்டி சொல்வார். கஞ்சிக்குப் பதிலாக இட்லி வரும். மறுநாள் பள்ளிக்கு அனுப்பலாமா என்ற பேச்சும் எழும்.

பெரும்பாலான காய்ச்சல்களில் இந்தக் கணக்கு சரிதான். டெங்குக் காய்ச்சலில் இது சில வேளைகளில் தவறிப் போகிறது. அங்கே ஆபத்து, சூடு உச்சத்தில் இருக்கும் நாளில் வருவதில்லை. சூடு இறங்கும் நாளில் வருகிறது. நெற்றி குளிர்ந்த பிறகு உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கையால் தொட்டு அறிய முடியாது. ஆனால் சில நோய்க்குறிகளைக் கவனித்தும், எந்தச் சிறு ஊரிலும் செய்யக்கூடிய எளிய இரத்தச் சோதனைகளைக் கொண்டும் அறியலாம். எப்படி என்று இக்கட்டுரையில் பார்ப்போம்.

கொசு தரும் காய்ச்சல்

டெங்கு ஒரு வைரசு நோய். இந்த வைரசில் நான்கு வகைகள் உண்டு. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1960களிலேயே டெங்கு வைரசுகளைப் பிரித்தெடுத்துக் காட்டியுள்ளனர். ஆகவே இது நமக்குப் புதிய விருந்தாளி அன்று. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மட்டும் 1,86,000-க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளிகளாகப் பதிவாயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நலமடைந்தனர். சில நூறு பேர் உயிரிழந்தனர்.

வைரசை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்வது ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு. கால்களில் வெள்ளை வரிகள் உடையது, பகலில் கடிப்பது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடும். நோய்க்கிருமி உள்ள கொசு கடித்த 4 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்குகிறது. தொற்று ஏற்பட்டோரில் பெரும்பாலோருக்கு நோய்க்குறி எதுவும் தெரிவதில்லை. அல்லது லேசான காய்ச்சலோடு போய்விடும்.

முதல் மூன்று நாட்கள்

நோய்க்குறி தெரிபவர்களுக்குக் காய்ச்சல் படிப்படியாக ஏறுவதில்லை, திடீரென்று ஏறுகிறது. காலையில் பள்ளிக்குச் சென்ற பிள்ளை மாலையில் 103 டிகிரியோடு திரும்பலாம். தலை வலிக்கும். கண்களுக்குப் பின்னால் வலிக்கும். கண்ணை அசைத்தால் அவ்வலி கூடும். தசைகளும் மூட்டுகளும் எலும்பு முறிந்தாற்போல் வலிக்கும். அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், 1780-ல் பிலடெல்பியா நகரில் பரவிய ஒரு காய்ச்சலை எழுதி வைத்தபோது 'எலும்பு முறிக்கும் காய்ச்சல்' என்றே அதனைக் குறிப்பிட்டார். குமட்டல், வாந்தி, பசியின்மை, முகமும் மார்பும் சிவத்தல், தோலில் தடிப்பு ஆகியவையும் காணப்படும்.

இவற்றைக் கொண்டு மட்டும் 'இது டெங்கு' என்று உறுதியாகச் சொல்லிவிட முடியுமா? முடியாது. சிக்குன்குனியாவிலும் மூட்டு வலி உண்டு. மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், இன்ஃப்ளூயன்சா, கோவிட் ஆகியவையும் முதல் இரண்டு நாட்களில் ஏறத்தாழ இதே முகத்தைக் காட்டக்கூடும். ஆகவே மருத்துவர்கள் ஒரு விதியைக் கையாள்கின்றனர். டெங்கு பரவியுள்ள பகுதியில் வசிப்பவருக்கோ அங்கே சென்று வந்தவருக்கோ காய்ச்சல் வந்து, அதனுடன் குமட்டல் அல்லது வாந்தி, தடிப்பு, உடல் வலி, கைப்பட்டைச் சோதனையில் புள்ளிகள், வெள்ளணுக் குறைவு ஆகியவற்றுள் ஏதேனும் இரண்டு சேர்ந்திருந்தால் அது டெங்குவாக இருக்கலாம் என்று கருதிக் கண்காணிக்கத் தொடங்க வேண்டும். இங்கே 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இது தீர்ப்பு அன்று. விழித்திருக்கச் சொல்லும் அறிவிப்பு.

கைப்பட்டைச் சோதனை

மேலே கைப்பட்டைச் சோதனை என்றோம். இதற்கு ஊசியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மருத்துவர் இரத்த அழுத்தமானியின் பட்டையை நோயாளியின் மேற்கையில் சுற்றி முதலில் அழுத்தத்தை அளக்கிறார். மேல் அழுத்தம் 110, கீழ் அழுத்தம் 70 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவான எண் 90. பட்டையை 90-ல் நிறுத்தி 5 நிமிடம் அப்படியே வைத்திருக்கிறார். பிறகு காற்றை வெளியேற்றிவிட்டு, முழங்கைக்குக் கீழே உள்ள தோலைக் கவனிக்கிறார். 2.5 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரத்தில் குண்டூசித் தலை அளவுள்ள சிவப்புப் புள்ளிகள் 10 அல்லது அதற்கு மேல் தோன்றியிருந்தால் சோதனை நேர்மறை.

இப்புள்ளிகள் என்ன? மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து தோலுக்கடியில் கசிந்த இரத்தத் துளிகள். நாளங்களின் சுவர் வலுவிழந்திருக்கிறது, தட்டணுக்களும் குறைந்திருக்கலாம் என்பதை அவை காட்டுகின்றன. ஆனால் டெங்கு நோயாளிகள் பலருக்கு இச்சோதனையில் புள்ளி தோன்றாமலும் போகும். ஆகவே புள்ளி இல்லை என்பதால் டெங்கு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. மற்றொன்று: இதை வீட்டில் கயிற்றையோ ரப்பரையோ கட்டிச் செய்து பார்க்கவே கூடாது.

இரத்தம் சொல்லும் மூன்று எண்கள்

இனி இரத்தச் சோதனைக்கு வருவோம். டெங்குவில் முக்கியமானவை மூன்று எண்கள்.

முதலாவது, வெள்ளணுக்களின் எண்ணிக்கை. நலமாக உள்ள ஒருவரின் ஒரு கன மில்லி மீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். சீழ் பிடிக்கும் பாக்டீரியாத் தொற்றுகளில் இந்த எண்ணிக்கை கூடும். டெங்குவில் அது குறைகிறது. 5,000-க்குக் கீழே இறங்கி நாளுக்கு நாள் மேலும் சரிகிறது.

இரண்டாவது, தட்டணுக்களின் எண்ணிக்கை. காயம் பட்டால் இரத்தம் உறைய உதவும் சிறு துணுக்குகள் இவை. இயல்பான அளவு ஒரு கன மில்லி மீட்டருக்கு 1,50,000 முதல் 4,00,000 வரை. டெங்குவில் எலும்பு மஜ்ஜையில் இவை உருவாவது குறைகிறது. இரத்தத்தில் உள்ளவையும் விரைவாக அழிகின்றன. எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே போகலாம்.

மூன்றாவது எண்ணைத்தான் நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதன் பெயர் ஹிமட்டோகிரிட். ஆய்வகத் தாளில் பி.சி.வி. என்றும் அச்சிட்டிருப்பார்கள். இரத்தத்தின் மொத்தக் கன அளவில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பதை இது குறிக்கிறது.

இதை அளக்கும் பழைய முறை மிக அழகானது. மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்றில் சிறிதளவு இரத்தத்தை ஏற்றி, ஒரு முனையை அடைத்து, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் எந்திரத்தில் 5 நிமிடம் வைக்கிறார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் ஒதுங்குகின்றன. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கும் நீர்மம்தான் பிளாஸ்மா. இரண்டுக்கும் இடையே வெள்ளணுக்களும் தட்டணுக்களும் மெல்லிய வெண்படலமாகத் தெரியும். குழலில் உள்ள இரத்தத்தின் மொத்த நீளம் 50 மில்லி மீட்டர், சிவப்பணுப் பகுதி 20 மில்லி மீட்டர் என்றால் ஹிமட்டோகிரிட் 40 சதவீதம். இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் தானியங்கி எந்திரமே மூன்று எண்களையும் ஒருங்கே தந்துவிடுகிறது.

கஞ்சியும் இரத்தமும்

டெங்குவின் உண்மையான ஆபத்து எது? 'இரத்தப் போக்கு' என்று பலரும் சொல்வர். அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலான நோயாளிகளின் உயிருக்கு உலை வைப்பது வேறொன்று. அதுதான் பிளாஸ்மாக் கசிவு.

நோயின் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையே, பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில், சிலருக்கு நுண்ணிய இரத்த நாளங்களின் சுவர் நீர் கசியும் நிலையை அடைகிறது. பிளாஸ்மா வெளியேறி நெஞ்சுக் கூட்டிலும் வயிற்றறையிலும் தேங்குகிறது. சிவப்பணுக்கள் பெரியவை, அவை குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

ஒரு கிண்ணத்தில் கஞ்சி இருக்கிறது. அதில் உள்ள நீரை மட்டும் கொஞ்சம் வடித்துவிடுங்கள். ஒரு பருக்கை கூடக் கூடவில்லை. ஆனால் கஞ்சி கெட்டியாகிவிடுகிறது. இரத்தத்திலும் இதுவே நடக்கிறது. சிவப்பணுக்கள் பெருகவில்லை, நீர்மம் குறைந்ததால் அவற்றின் சதவீதம் ஏறுகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சிவப்பணுக்கள் 40, பிளாஸ்மா 60 மில்லி லிட்டர் என்று கொள்வோம். பிளாஸ்மாவில் 17 மில்லி லிட்டர் கசிந்துவிட்டது. மீதி இரத்தம் 83 மில்லி லிட்டர். அதில் சிவப்பணுக்கள் அதே 40. ஆகவே ஹிமட்டோகிரிட் 40 ÷ 83, அதாவது ஏறத்தாழ 48 சதவீதம். 40 என்பது 48 ஆகியிருக்கிறது. உயர்வு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம். தாளில் பார்த்தால் எட்டுப் புள்ளிதான் கூடியிருக்கிறது. ஆனால் பிளாஸ்மாவில் கால் பங்குக்கு மேல் குழாயை விட்டு வெளியேறிவிட்டது! இதய அறைகளை நிரப்பப் போதிய நீர்மம் இல்லை. நாடி தளர்கிறது, கை கால்கள் சில்லிடுகின்றன. மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகிறது. இந்நிலையை மருத்துவர்கள் அதிர்ச்சி நிலை என்பர்.

இங்கே இன்னொன்றும் விளங்குகிறது. தாளில் இயல்பு அளவு என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. இரத்த சோகை உள்ள ஒரு பெண்ணின் வழக்கமான ஹிமட்டோகிரிட் 30 என்று வைத்துக்கொள்வோம். டெங்குவில் அது 36 ஆகிறது. 36 என்பது பார்வைக்கு ஒழுங்கான எண். ஆனால் அவளுக்கு அது 20 சதவீத உயர்வு! முதல் நாட்களில் எடுத்த எண் கையில் இருந்தால்தான் இந்த உயர்வு தெரியவரும். காய்ச்சலின் தொடக்கத்திலேயே ஒரு முறை இரத்தம் பரிசோதித்து வைப்பதன் பயன் இதுவே.

பாங்காக் கற்றுத் தந்த பாடம்

இந்த அறிவு எளிதில் கிடைத்ததன்று. 1950களில் பிலிப்பைன்சின் மணிலாவிலும், 1958-ல் தாய்லாந்தின் பாங்காக்கிலும் குழந்தைகளிடையே ஒரு கடும் காய்ச்சல் பரவியது. தோலில் இரத்தப் புள்ளிகள் தோன்றின. மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. காய்ச்சல் இறங்கியதும் குழந்தைகள் திடீரென்று சோர்ந்து விழுந்தனர். பலர் இறந்தனர். அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஹாமனும் அவருடைய குழுவினரும் இதற்குக் காரணம் டெங்கு வைரசுகளே என்று கண்டறிந்தனர். எலும்பை முறிப்பதுபோல் வலி தந்து தானே போய்விடும் என்று எண்ணியிருந்த காய்ச்சல், உயிரையும் வாங்கும் என்று உலகம் அறிந்தது.

பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சுசித்ரா நிம்மானிட்யா இந்நோயை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம், தட்டணு, ஹிமட்டோகிரிட் ஆகியவற்றை வரிசையாகக் கவனித்தபோது ஓர் ஒழுங்கு தென்பட்டது. தட்டணு சரிகிறது, ஹிமட்டோகிரிட் ஏறுகிறது, இவ்விரண்டும் சேர்ந்து நிகழும் குழந்தைக்குத்தான் அதிர்ச்சி நிலை வருகிறது. அப்படியானால், நாடி தளரும் வரை காத்திராமல் எண்கள் மாறும்போதே அளவறிந்து உப்பு நீர் ஏற்றினால் குழந்தையைக் காப்பாற்றலாம் அல்லவா? பாங்காக்கில் கிடைத்த இந்த அனுபவத்தின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் 1975-ல் நோயறியும் வழிமுறைகளை வெளியிட்டது. 2009-ல் அவற்றைத் திருத்தி, எச்சரிக்கைக் குறிகளுக்கு முதன்மை தந்தது. கடுமையான டெங்குவில் தக்க கவனிப்பு இல்லையென்றால் நூற்றுக்கு இருபது பேர் வரைகூட இறக்கக்கூடும். காலத்தில் கண்டறிந்து முறையாகக் கவனித்தால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே குறைகிறது. இதில் வைரசைக் கொல்லும் மருந்து எதற்கும் பங்கில்லை. கவனிப்பும் உப்பு நீரும் செய்த வேலை இது!

பாங்காக்கில் ஆய்வு செய்த ஸ்காட் ஹால்ஸ்டெட் மற்றோர் உண்மையைக் கண்டார். ஒரு வகை டெங்கு வந்து போனவருக்கு அதே வகை மீண்டும் பொதுவாக வருவதில்லை. ஆனால் வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. 'எனக்கு முன்பே வந்துவிட்டது' என்று எவரும் அலட்சியமாக இருக்கக்கூடாது.

ஒரு மாணவனின் ஏழு நாட்கள்

இனி, பாடத்துக்காக நாமே ஒரு நோயாளியை அமைத்துக்கொள்வோம். குமரன், வயது 13. அவனுடைய அட்டவணை இது.

நாள் 2: காய்ச்சல் 103, வெள்ளணு 5,200, தட்டணு 1,90,000, ஹிமட்டோகிரிட் 38
நாள் 3: காய்ச்சல் 103, வெள்ளணு 3,900, தட்டணு 1,40,000, ஹிமட்டோகிரிட் 38
நாள் 4: காய்ச்சல் 102, வெள்ளணு 2,800, தட்டணு 95,000, ஹிமட்டோகிரிட் 40
நாள் 5: காய்ச்சல் 99; வெள்ளணு 2,600; தட்டணு 52,000; ஹிமட்டோகிரிட் 46
நாள் 6: காய்ச்சல் இல்லை, வெள்ளணு 3,400, தட்டணு 38,000, ஹிமட்டோகிரிட் 43
நாள் 7: காய்ச்சல் இல்லை; வெள்ளணு 4,600; தட்டணு 55,000; ஹிமட்டோகிரிட் 38

முதலில் எது மாறியது? வெள்ளணு. அடுத்து? தட்டணு. ஹிமட்டோகிரிட் ஏறியது அதற்குப் பிறகுதான். டெங்குவில் வழக்கமாகக் காணும் வரிசை இதுவே.

இப்போது 5-ஆம் நாளைப் பாருங்கள். காலையில் நெற்றி குளிர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு மகிழ்ச்சி. ஆனால் குமரன் வயிறு வலிக்கிறது என்கிறான். மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டான். முந்திய இரவுக்குப் பிறகு ஒரே முறைதான் சிறுநீர் கழித்திருக்கிறான். 38-ல் இருந்த ஹிமட்டோகிரிட் 46 ஆகிவிட்டது. 20 சதவீதத்துக்கும் மேலான உயர்வு. மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 100/80 என்று காட்டுகிறது. 100 என்பது மோசமில்லையே என்று தோன்றும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். வழக்கமாக 40 அளவில் இருக்க வேண்டியது 20 ஆகச் சுருங்கிவிட்டது. இதுவே அதிர்ச்சி நிலையின் தொடக்கம். இன்னும் வியப்பு என்னவென்றால், இந்நிலையிலும் பிள்ளை தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பான். 'நன்றாகத்தானே பேசுகிறான்' என்று வீட்டார் ஏமாந்து போவது இதனால்தான்.

குமரனுக்கு உடனே உப்பு நீர் ஏற்றப்பட்டது. மணிக்கணக்கில் நாடியும், அழுத்தமும், சிறுநீரின் அளவும், ஹிமட்டோகிரிட்டும் கவனிக்கப்பட்டன. கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் தானே நின்றுவிடும். அதன் பின் வெளியேறிய நீர்மம் மீண்டும் இரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் உப்பு நீரை ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறும். எப்போது தொடங்குவது என்பதைப் போலவே எப்போது நிறுத்துவது என்பதையும் ஹிமட்டோகிரிட் சொல்லித் தருகிறது.

6-ஆம் நாள் அட்டவணையில் ஒரு புதிர் இருக்கிறது. தட்டணு 38,000, எல்லாவற்றிலும் குறைந்த எண். ஆனால் அன்று குமரன் தேறி வருகிறான்! ஹிமட்டோகிரிட் இறங்குகிறது, வெள்ளணு ஏறுகிறது, பசி எடுக்கிறது. தட்டணு எப்போதும் கடைசியில்தான் ஏறும். தட்டணுவின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் 5-ஆம் நாள் நிம்மதியாக இருந்துவிட்டு 6-ஆம் நாள் பதறுவார். இரத்தப் போக்கு இல்லாதபோது, எண் குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்றுவதால் பயனில்லை என்பதே இன்றைய மருத்துவக் கருத்து. மாறாக, நோயாளி மேலும் சோர்ந்துகொண்டே போகும்போது ஹிமட்டோகிரிட் இறங்கினால் அது நல்ல செய்தி அன்று. உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் தேடுவார். எண்ணையும் நோயாளியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நோயை உறுதி செய்வது

மேலே கண்ட மூன்று எண்களும் ஆபத்தை அறிவிப்பவை. நோய் டெங்குதான் என்று உறுதி செய்ய வேறு சோதனைகள் உள்ளன. மலேரியாவிலும் தட்டணு குறையும், டைபாய்டிலும் வெள்ளணு குறையலாம் என்பதால் இவை தேவைப்படுகின்றன.

காய்ச்சலின் முதல் நாள் தொட்டு ஏறத்தாழ ஐந்து நாள் வரை, வைரசு உண்டாக்கும் என்.எஸ். 1 என்னும் புரதத்தை இரத்தத்தில் காணலாம். ஐந்தாம் நாள் வாக்கில் நம் உடல் வைரசுக்கு எதிராகத் தயாரிக்கும் ஐ.ஜி.எம். என்னும் எதிர்ப்புப் பொருள் தென்படத் தொடங்குகிறது. ஆகவே எந்த நாளில் எந்தச் சோதனை என்பது முக்கியம். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். தேடினால் கிடைக்காது, எட்டாம் நாளில் என்.எஸ். 1 மறைந்திருக்கலாம். தவறான நாளில் வரும் 'இல்லை' என்ற விடையை நம்பிவிடக்கூடாது. சரியான நாளிலும்கூட இச்சோதனைகள் சிலரிடம் நோயைத் தவறவிடுவதுண்டு. விடை எதுவானாலும் கண்காணிப்பு தொடர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

டெங்கு நோயாளிகளில் மிகப் பலர் வீட்டிலிருந்தே குணமடைகின்றனர். ஓய்வு வேண்டும். கஞ்சி, இளநீர், மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் நிறையத் தர வேண்டும். சூட்டைத் தணிக்க மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் கூடாது; அவை இரத்தப் போக்கை மிகுவிக்கும். நோயாளியைப் பகலிலும் கொசு வலைக்குள் வைத்தால் வீட்டில் மற்றவர்களுக்கு நோய் பரவும் வாய்ப்பு குறையும்.

ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள் வரையுங்கள். நேரம், காய்ச்சல், குடித்த நீராகாரம், சிறுநீர் கழித்த வேளை. காய்ச்சல் தொடங்கிய நாளை 1 என்று எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது இந்த நோட்டையும் பழைய ஆய்வகத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்கும் கேள்வியே 'இது எத்தனையாவது நாள்?' என்பதுதான்.

கீழ்க்கண்டவற்றுள் எது தோன்றினாலும், காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

1. கடுமையான, விடாத வயிற்று வலி.
2. திரும்பத் திரும்ப வாந்தி.
3. மூக்கு, ஈறு ஆகியவற்றிலிருந்து இரத்தம், இரத்த வாந்தி, கறுத்த மலம்.
4. மிகுந்த சோர்வு, தூக்கக் கலக்கம் அல்லது அமைதியின்மை.
5. கை கால் சில்லிடுதல், மூச்சு வாங்குதல்.
6. ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்காமை.

காய்ச்சல் இறங்கிய பின் இரண்டு நாட்கள் இந்தப் பட்டியலைக் கண்ணில் படும்படி ஒட்டி வையுங்கள். அந்த இரண்டு நாட்களும் நலமாகக் கடந்து, பசியும் எடுத்துவிட்டால், பிறகு பாட்டி சொன்னபடி பயமில்லைதான்.

பயிற்சி

1. மூன்றாம் நாளில் ஒரு மாணவியின் ஹிமட்டோகிரிட் 35. அது எவ்வளவு ஆனால் 20 சதவீத உயர்வு?

2. ஐந்தாம் நாளில் ஒருவருடைய காய்ச்சல் நின்றுவிட்டது. இரத்த அழுத்தம் 110/90. அவரை வீட்டுக்கு அனுப்பலாமா?

3. இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். சோதனையில் 'இல்லை' என்று வந்தது. டெங்கு இல்லை எனலாமா?

விடைகள்: (1) 42. (2) கூடாது. இரு எண்களுக்கும் உள்ள இடைவெளி 20 தான்; உடனே சிகிச்சை தேவை. (3) முடியாது. ஐ.ஜி.எம். தோன்ற இன்னும் நாள் இருக்கிறது. அன்று செய்ய வேண்டியது என்.எஸ். 1 சோதனை.